செருப்புத் தேடும் நேரம்

நெய்க்காரன்சத்திரம் சந்தையில் மனிதர்கள் வாயால் பேரம் பேசுவதை நிறுத்திப் பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. பேச்சை நிறுத்தவில்லை. ஊர்க்கதை, சம்பந்தி குற்றம், எதிர்க்கடைக்காரருக்கு வந்த கண்புரை எல்லாம் வழக்கம்போல நடந்தது. தக்காளிப் பெட்டி என்ன விலை என்று கேட்பதை மட்டும் 'வாய்' பார்த்துக்கொண்டது.

வாய் என்பது உள்ளங்கையளவு கருவி. விவசாயியிடம் ஒன்று இருக்கும், வியாபாரியிடம் ஒன்று இருக்கும். இரண்டும் கிட்டே வந்ததும் பேச ஆரம்பிக்கும். சொந்தக்காரர்கள் காதில் ஒரு பொத்தானைச் செருகிக்கொண்டு, நம் வாய் என்ன பேசுகிறது என்று டீ குடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்கள். கிரிக்கெட் வர்ணனை கேட்பதுபோல முகம் போகும்.

ஒவ்வொரு வாயும் அதன் சொந்தக்காரர் எழுதிக்கொடுத்த பத்துப் பதினைந்து வரிகளின்படி பேசும். அந்த வரிகளை எழுதும் பாஷைக்குத் 'தரகு' என்று பெயர். எட்டாம் வகுப்பு வரை படித்தவர் ஒரு மத்தியானத்தில் கற்றுக்கொள்ளலாம். மூன்று தரம் கேட்டால் ஒரு படி இறங்கு. சரக்கைக் குறை சொன்னால் அரைப்படி ஏறு. ஒத்துவராவிட்டால் கிளம்பு. எதிராளி கிளம்பினால் எட்டு விநாடி பொறு, பிறகு கூப்பிடு. இந்த மாதிரி.

அந்த வரிகளை ஒவ்வொன்றாகப் படித்து இயந்திரத்துக்குப் புரியும்படி எடுத்துச் சொல்ல நடுவில் ஒரு நிரல் வேண்டும். சந்தையில் அதைத் துபாஷி என்பார்கள். துபாஷி குடியிருந்தது வெங்காய கோடவுனுக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத ஓர் அறையில். அதைப் பார்த்துக்கொள்ள வியாபாரிகள் சங்கம் வைத்திருந்த ஆள் அன்னக்கொடி. அவளுக்கு வயது முப்பத்தேழு. அப்பா, சித்தப்பா, மாமா எல்லாரும் மண்டிக்காரர்கள். பள்ளிக்கூடத்தில் ரப்பரைக் கொடுத்துப் பென்சிலை வாங்கி, பென்சிலைக் கொடுத்து இரண்டு ரப்பர் வாங்கியவள். சங்கத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஆறு வருஷமாக அறைக்கு ஒரு ஜன்னல் கேட்டுக்கொண்டிருந்தாள். வெங்காய நெடியில் அவள் கண்கலங்கியபடியே வேலை பார்ப்பதைப் பார்த்துப் புதிதாக வருகிறவர்கள் ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்கள்.

இப்போது பிரச்சினை துபாஷியின் வேகம். பைபாஸ் சாலையில் புதிதாக ஒரு தனியார் சந்தை வந்திருந்தது. அங்கே லாரி உள்ளே நுழைவதற்குள் சரக்கு விற்றுவிடும். இங்கே ஒரு பேரம் முடிய மூன்று நிமிஷம், அது முடிந்தால்தான் அடுத்தது. சீசனில் லாரி வரிசை ரயில்வே கேட்டைத் தாண்டி நிற்கும். கீழ்ப்பெட்டித் தக்காளி அதற்குள் ரசமாகிவிடும். டிரைவர்கள் பைபாஸிலேயே திரும்ப ஆரம்பித்திருந்தார்கள்.

மாசி மாதக் கடைசியில் சங்கத்தின் மாடி ஹாலில் கூட்டம் போட்டார்கள். வாசலில் நாற்பது ஜோடிச் செருப்பு கிடந்தது. தலைவர் தவசிலிங்கம் அண்ணாச்சி, தக்காளி மண்டிக்காரர், நடுவில் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் பைபாஸ் சந்தைக்கு இயந்திரம் போட்டுக்கொடுத்த கம்பெனியிலிருந்து பிரணவ் என்ற இளைஞன். அவன் மட்டும் பூட்ஸைக் கழற்றாமல் உள்ளே வந்திருந்தான். வெளியூர் ஆள் என்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

"துபாஷிக்கு என்னம்மா வியாதி?" என்றார் அண்ணாச்சி.

"வியாதி இல்ல அண்ணாச்சி, வயசு. அத மரகதம்ங்கிற பாஷையில எழுதியிருக்கு. நல்ல பாஷை. நாம கோணலா எழுதினாக்கூடக் கோவிச்சுக்காது. ஆனா ரொம்ப நிதானம். ஒரு வரியப் படிக்கும். யோசிக்கும். இடத்தப் பெருக்கும். அப்புறந்தான் அடுத்த வரி."

"பெருக்குமா?"

"பேசி முடிச்ச பேச்செல்லாம் அதோட ஞாபகத்துல குப்பையாச் சேரும்ல. அத அப்பப்ப கூட்டித் தள்ளிட்டுத்தான் மறுவேலை பார்க்கும்."

"எங்க மருமக மாதிரின்னு சொல்லு."

"உங்க மருமக வெளக்கமாறு எடுத்து நான் பாத்ததில்லையே," என்றார் உருளைக்கிழங்கு மண்டி சௌந்தரபாண்டி. அவர் அண்ணாச்சியின் அடுத்த வீடு.

சிரிப்பு அடங்கியதும் அன்னக்கொடி தொடர்ந்தாள். "கருங்கல்னு ஒரு பாஷை இருக்கு. துபாஷிய அதுல மாத்தி எழுதினா நூறு மடங்கு வேகம் வரும். அதுல குப்பையே சேராது. எடுத்த கையே எடுத்த பொருளத் திருப்பி வெச்சாகணும். வெக்கலேன்னா எழுதவே விடாது."

"கெடுபிடியான பாஷையா இருக்கே."

"எழுதற எனக்குத்தான் கஷ்டம். ஓடும்போது சுகம்."

"அப்ப எழுதிட வேண்டியதுதானே. என்னத்துக்கு மூஞ்சிய இப்படி வெச்சிருக்கே?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "பத்தொன்பது வருஷம் ஓடின சாமான் அண்ணாச்சி. என்ன வேலை செய்யுதுன்னு தரகோட விதிநூல்ல எழுதியிருக்கிறத நான் அப்படியே திருப்பி எழுதிடுவேன். எழுதாமயே செஞ்சுக்கிட்டிருக்கிற வேலை எதாச்சும் இருந்தா? அத எங்க போய்த் தேட?"

பிரணவ் கனைத்துக்கொண்டான். "மேடம் சொல்றது கரெக்ட் சார். ரிஸ்க் எதுக்கு? எங்ககிட்ட 'ஒரே வாய்' ரெடியா இருக்கு. இனிமே யாரும் எதுவும் எழுத வேண்டாம். விவசாயிக்கும் அதே வாய்தான், வியாபாரிக்கும் அதே வாய்தான். கண்ணிமைக்கிறதுக்குள்ள விலை முடிஞ்சிடும்."

"ரெண்டு பக்கமும் ஒரே வாய்னா அதுக்குப் பேரு பேரம் இல்ல தம்பி, புலம்பல்," என்றார் சௌந்தரபாண்டி.

"நாங்க எழுதி வெச்ச வரியெல்லாம் என்னாகும்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அதெல்லாம் தேவைப்படாது சார்," என்றான் பிரணவ், நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு.

மூவாயிரத்துச் சொச்சம் பேர் எழுதிய வரிகள் அவை. கோபக்காரர் வரி கோபமாக இருக்கும், கூச்சக்காரர் வரி கூச்சமாக இருக்கும். கருவாட்டுக்கடைத் தங்கையாவின் வாய் நடுவில் ஒருதரம் இருமும். அது அவருடைய யோசிக்கும் பாணி.

அண்ணாச்சி தொண்டையைச் சரிசெய்தார். "சித்திரை பொறந்தா தக்காளி சீசன். அதுக்குள்ள நம்ம துபாஷி வேகமா ஓடணும். இல்லேன்னா தம்பிகிட்டக் கையெழுத்துதான், எனக்கு வேற வழி தெரியல. உனக்கு எத்தனை நாள் வேணும்?"

"அறுபது."

"இருபது தர்றேன்."

"இருபது நாள்ல ஒரு ஊறுகாகூடப் போட முடியாது. நீங்க தம்பிகிட்டயே குடுத்திடுங்க அண்ணாச்சி. நான் கிளம்பறேன்."

எழுந்து வாசலுக்குப் போனாள். பித்தளைக் கொக்கி வைத்த அவளுடைய பழுப்புச் செருப்பு முதல் வரிசையிலேயே பளிச்சென்று கிடந்தது. அவள் குனிந்து இன்னொருத்தருடைய ரப்பர் செருப்பை நகர்த்தினாள். அதற்கு அடியில் பார்த்தாள். பிறகு மூலையில் பார்த்தாள்.

"அட, இரும்மா," என்றது உள்ளிருந்து குரல். "முப்பது."

"அம்பது. அறைக்கு ஒரு ஜன்னலும்."

"நாப்பது. ஜன்னல் கிடையாது."

"சரி," என்று சொல்லி உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

பிரணவ் அவளையே பார்த்தான். "நீங்க நிஜமாவே போறீங்கன்னு நினைச்சேன் மேடம்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன்," என்றாள்.

நாற்பது நாளும் அவள் கோடவுனை விட்டு வெளியே வந்தது சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் மட்டும். கருங்கல் அவளை வாட்டியெடுத்தது. ஒரு வரி எழுதினால் மூன்று வரிக்குத் திட்டும். நீ எடுத்த சாமானை எங்கே வைத்தாய், இவனிடம் கொடுத்ததை எதற்கு அவனிடமும் கொடுக்கிறாய் என்று சந்தேகப்பட்ட மாமியார்போலக் கூடவே நின்று கேட்கும். மூன்றாம் வாரம் அவளுக்கே அது பிடித்துப்போனது. கறாரான ஆளோடு பேசிப் பழகிவிட்டால் இனிக்க இனிக்கப் பேசுகிறவர்களிடம் ஒரு சந்தேகம் வந்துவிடுகிறது.

ஒருநாள் மத்தியானம் சீரங்கம்மா அறை வாசலில் வந்து நின்றாள். ஆறு ஏக்கர் தக்காளிக்காரி. கணவர் நல்லப்பன் இறந்து நாலு வருஷம் ஆகிறது. அவர் எழுதிவைத்த பதினாலு வரியைத்தான் அவளுடைய வாய் இன்னும் பேசுகிறது. அவர் குரலிலேயே பேசும். லோடு அனுப்ப மகன் இருந்தும் வாரம் இரண்டு தரம் அவளே வந்து, காதில் பொத்தானோடு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போவாள் என்பது சந்தைக்கே தெரியும்.

"என்னமோ மாத்தி எழுதறியாமே கண்ணு. எங்க வீட்டுக்காரரு மாறிடுவாராக்கும்?"

"அவர் எழுதினதுல ஒரு எழுத்துகூட மாறாதுங்கம்மா. அதப் படிக்கிற ஆளைத்தான் மாத்தறேன்."

"படிக்கிற ஆள் மாறினா லெட்டரு மாறாதா?"

"மாறாதுங்கம்மா."

"என்னமோப்பா," என்றாள் சீரங்கம்மா. "தபால்கார வேலுச்சாமி படிச்சா எல்லாமே நல்ல சேதியாட்டம் இருக்கும். அதச் சொன்னேன்."

அன்னக்கொடி சும்மா வாக்குக் கொடுக்கிறவள் இல்லை. பத்து வருஷத்துப் பேரங்கள் பதிவில் இருந்தன, பதினோரு லட்சம். ஒவ்வொரு வாயையும் புதுத் துபாஷியிடம் கொடுத்து, எதிராளி அன்றைக்குப் பேசிய பேச்சைப் பதிவிலிருந்து போட்டு, முடிவு ஒத்துப்போகிறதா என்று பார்த்தாள். பதினோரு லட்சமும் ஒத்துப்போனது. நல்லப்பனின் பேரங்களைத் தனியாக இன்னொருதரம் பார்த்தாள். பைசா வித்தியாசமில்லை. முப்பத்தொன்பதாம் நாள் சாயந்தரம் கோடவுன் வாசலில் நின்று, வெங்காய நெடி இல்லாத காற்றை நெஞ்சு நிறைய இழுத்தாள்.

சித்திரை ஐந்தாம் தேதி காலை பத்துமணிக்குப் புதுத் துபாஷியைத் திறந்துவிட்டார்கள். உள்ளே இருநூற்றுப் பன்னிரண்டு லோடு நின்றது. தவசிலிங்கம் அண்ணாச்சி வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். தோற்றால் கையெழுத்து வாங்கப் பிரணவும் வந்திருந்தான், தோளில் பையோடு.

எல்லா வாயும் ஒரேசமயத்தில் ஆரம்பித்தன. ஆரம்பித்த விநாடியே ஓய்ந்தன.

காதில் பொத்தானோடு இருந்தவர்களுக்குக் கேட்டது விர்ரென்று ஒரு சத்தம் மட்டும், புடவை கிழிவதுபோல. பிறகு அமைதி. எல்லாரும் தங்கள் கருவியை எடுத்துப் பார்த்தார்கள். திரையில் ஒரே செய்தி: கிளம்பியாயிற்று.

எட்டு விநாடி கழித்து, இருநூறு வியாபாரிகளின் வாய்களும் ஒரே நேரத்தில், இருநூறு குரலில், அன்பொழுகக் கூப்பிட்டன. "அட, வாங்கண்ணே. எங்க போறீங்க. திரும்பி வாங்க, பேசிக்கலாம்."

கூப்பிட்ட இடத்தில் யாரும் இல்லை.

விற்றது ஒன்பது லோடு. அவை முதல் விலைக்கே ஒத்துக்கொண்ட வெகுளிகளின் சரக்கு. மற்ற இருநூற்று மூன்றும் வெயிலில் நின்றன. மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். மறுபடி விர்ரென்று சத்தம், மறுபடி எட்டு விநாடி, மறுபடி ஆளில்லாத சந்தையைப் பார்த்து வாங்கண்ணே.

"இது வேகமாம்மா?" என்றார் அண்ணாச்சி. "ஆள வெரட்டுறதுக்குப் பேரு வேகமா?"

"பழசையே திருப்பிப் போடு," என்றார் சௌந்தரபாண்டி.

"போடலாம். இருநூத்து மூணு லோடும் ஒண்ணொண்ணா மூணு மூணு நிமிஷமா ஊர்ந்து முடியறதுக்குப் பாதி தக்காளி தார்ப்பாய்க்கு அடியிலயே வெந்துடும். அத நாம ஏற்கெனவே பாத்தாச்சு." அண்ணாச்சி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு மணி நேரம், அன்னக்கொடி. அதுக்கு மேல நான் தம்பியோட பேனாவ வாங்கிடுவேன். எனக்கு இதுல சந்தோஷம்னு நினைக்காத."

அவள் அறைக்கு ஓடினாள். முதல் இருபது நிமிஷம் தவறைத் தேடினாள், தவறு இல்லை. மறுபடி முதலிலிருந்து படித்தாள். ஒத்துவராவிட்டால் கிளம்பு என்று எழுதியிருந்தது, கிளம்பினார்கள். எதிராளி கிளம்பினால் எட்டு விநாடி பொறுத்துக் கூப்பிடு என்று எழுதியிருந்தது, பொறுத்தார்கள், கூப்பிட்டார்கள். எல்லாரும் சொன்னதைச் சொன்னபடி செய்திருந்தார்கள். அப்படியிருந்தும் சந்தை நாசமாகிக்கொண்டிருந்தது. எட்டு விநாடியைக் குறைத்துவிடலாமா என்று நினைத்தாள். உடனே கூப்பிடுகிறவனிடம் எவன் இறங்கி வருவான்? அதை எழுதிய மூவாயிரம் பேருக்கும் அது தெரியும். எட்டுக்குக் குறைந்தால் அவசரம், எட்டுக்கு மேல் போனால் ஆணவம்.

வெளியே அதற்குள் சிலபேர் துணிந்து தாங்களே பேரம் பேசிப் பார்த்தார்கள். பத்தொன்பது வருஷத்துப் பழக்கமின்மை. "நீங்க ஒரு விலை சொல்லுங்க." "இல்லங்க, நீங்க சொல்லுங்க." "பரவால்ல, நீங்களே சொல்லிடுங்க." இரண்டு பேரும் பெண் பார்க்க வந்த வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோலத் தரையைப் பார்த்தார்கள்.

சீரங்கம்மா நேராக அறைக்குள் வந்தாள். கோபமாக இருந்தாள்.

"என்ன பண்ணி வெச்சிருக்கே கண்ணு? இது எங்க வீட்டுக்காரரு இல்ல."

"அதே வரிதாங்கம்மா. பாருங்க, பதினாலாவது வரி, 'கிளம்பு'. அவர் எழுதினது. அதன்படி கிளம்பிட்டாரு."

"அவரு அப்படியெல்லாம் பொசுக்குனு கிளம்பற ஆளே இல்ல. கிளம்பறேம்பாரு. அப்புறம் செருப்பத் தேடுவாரு."

"செருப்பையா?"

"கண்ணு முன்னாடி கெடக்கும். அத விட்டுட்டு மத்த இடமெல்லாம் தேடுவாரு. யாராவது கூப்புட வேணாமா? அதுக்குத்தான். ஆஸ்பத்திரிக்குக் கடைசியாக் கிளம்பினப்பகூடத் தேடினாரு. நான் கூப்புட்டேன், ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்கன்னு. குடிச்சாரு." அவள் காதிலிருந்த பொத்தானைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "இதுலயும் தேடிக்கிட்டுத்தான் இருந்தாரு, போன வாரம் வரைக்கும். கிளம்பறேம்பாரு, சத்தமே இருக்காது, கொஞ்சம் நேரம் கழிச்சு அந்தாளு கூப்புடுவான், இவரு திரும்புவாரு. அந்தச் சத்தமில்லாத நேரத்துல நான் சிரிச்சுக்குவேன். இப்ப அது இல்ல."

அன்னக்கொடி நாற்காலியிலிருந்து எழுந்தாள். பித்தளைக் கொக்கி வைத்த பழுப்புச் செருப்பு அறை வாசலில் கிடந்தது. அதைப் பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்து பழைய துபாஷியைத் திறந்தாள்.

மரகதம் ஒரு பேரத்தை மூடுவதற்குமுன் வீட்டைப் பெருக்கும். கிளம்பு என்றதும் அந்தப் பேரத்தில் சேர்ந்த குப்பையையெல்லாம் கூட்டி அள்ளிவிட்டுத்தான் கதவைச் சாத்தும். அதற்குப் பதினோரு விநாடி பிடிக்கும். எட்டாவது விநாடியில் எதிராளி கூப்பிடுவார். கதவு இன்னும் திறந்தே இருக்கும். யாரும் திட்டமிடாத பதினோரு விநாடி. பத்தொன்பது வருஷமாகச் சந்தை மொத்தமும் அந்த இடுக்கில்தான் குடித்தனம் நடத்தியிருக்கிறது. கருங்கல்லில் குப்பை இல்லை, பெருக்கல் இல்லை. சொன்ன நொடியில் கதவு சாத்திவிட்டது. அவளுடைய பதினோரு லட்சம் சோதனைகளிலும் எதிராளியின் அழைப்பு பதிவிலிருந்து வந்தது, கிளம்பிய நொடியே, இடைவெளி இல்லாமல். பதிவு எட்டு விநாடி பொறுக்காது. ஆள் பொறுப்பான்.

கடைக்குள் பிறந்து, கிளம்பறேன் கிளம்பறேன் என்றே வளர்ந்தவளுக்கு இது தோன்றவில்லை. மூச்சு விடுவதை யார் விதிநூலில் எழுதிவைப்பார்கள்?

சரிசெய்ய ஒரே வரி போதும். கிளம்பினால் கதவைச் சாத்துமுன் இத்தனை விநாடி காத்திரு. மற்ற பேச்செல்லாம் கண்ணிமைப்பில் முடியட்டும். சந்தை நடுவிலிருந்த மணிக்கூண்டுப் பக்கம் போய் அண்ணாச்சியிடம் விஷயத்தைச் சொன்னாள். சொன்னதுதான் தப்பாகப் போயிற்று.

"எத்தனை விநாடி போடப்போறே?" என்றார் சௌந்தரபாண்டி. "ஒன்பது போதும். எட்டுல கூப்புடறோம், ஒன்பதுல சாத்திடு."

"இருபது போடும்மா," என்றார் ஒரு விவசாயி. "அவங்களும் கொஞ்சம் பதறட்டும்."

"இருபது விநாடி செருப்புத் தேடினா குருடன்னு நினைப்பாங்க."

"பத்து."

"பதினஞ்சு."

அரை மணி நேரம்தான் பாக்கி. தக்காளி வெயிலில் நின்றது. அதை மறந்து சந்தை முழுவதும் மணிக்கூண்டு அடியில் கூடி, கிளம்புவதாகச் சொன்ன ஒருவன் நிஜமாகவே கிளம்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று பேரம் பேசியது. வாயால் பேசியது. கால்மணி நேரத்துக்குமுன் விலை சொல்லக் கூச்சப்பட்டவர்கள் இப்போது துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கத்தினார்கள். இரண்டு விவசாயிகள் கோபித்துக்கொண்டு கிளம்பினார்கள். அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். கடைசியில் ஒன்பதுக்கும் பதினைந்துக்கும் நடுவில் இழுத்துப் பறித்து வந்து நின்ற இடம் பதினொன்று.

அன்னக்கொடி போய் அந்த எண்ணைப் போடுவதுபோல உட்கார்ந்தாள். ஏற்கெனவே அதைத்தான் போட்டிருந்தாள்.

பன்னிரண்டு நிமிஷம் மீதமிருக்கத் துபாஷியைத் திறந்தார்கள். விர்ரென்ற சத்தம். பிறகு அமைதி. சந்தையில் ஈ பறப்பது கேட்டது. சீரங்கம்மா பொத்தான் செருகிய காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஐந்து, ஆறு, ஏழு. எட்டாவது விநாடியில் இருநூறு குரல்கள், "அட, வாங்கண்ணே." இந்தத்தரம் இருநூறு குரல்கள் திரும்பி வந்தன. அரைநிமிஷத்தில் நூற்றைம்பது லோடு விற்றது. சீரங்கம்மாவின் தோள் குலுங்கியது. அன்னக்கொடி பயந்துபோய்க் கிட்டே போய்ப் பார்த்தாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பிரணவ் பையைத் தோளில் மாட்டினான். "அரை நிமிஷம்னாலும் எங்களவிட ஸ்லோதான் சார். யோசிச்சுச் சொல்லுங்க. நான் கிளம்பறேன்."

பூட்ஸ் காலிலேயே இருந்ததால் நேராகக் காருக்குப் போனான். கதவைத் திறந்துவிட்டு ஒருதரம் திரும்பிப் பார்த்தான். யாரும் அவனைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

சாயந்தரம் விதிநூல் விஷயம் வந்தது. "பதினோரு விநாடிய விதிநூல்ல சேத்துடறேன் அண்ணாச்சி," என்றாள் அன்னக்கொடி. "இல்லேன்னா எனக்கப்புறம் மாத்தி எழுதறவ இதே செவுத்துல முட்டிக்குவா."

"சேக்காத."

"ஏன்?"

"கிளம்பினா பதினோரு விநாடி நிப்பான்னு அச்சுல போட்டுட்டா அப்புறம் எவன் பதறுவான்? கிளம்பறது பொய்னு ஆயிடும்ல."

"எல்லாருக்கும் தெரிஞ்ச பொய்தானே அண்ணாச்சி."

"தெரிஞ்சிருக்கலாம். படிச்சுத் தெரிஞ்சுக்கக் கூடாது."

பேசிப் பேசி ஓர் இடத்துக்கு வந்தார்கள். விதிநூலில் ஒன்றுமில்லை. நிரலுக்குள், எழுதுகிறவள் மட்டும் பார்க்கிற இடத்தில், ஒரு குறிப்பு: 'இது செருப்புத் தேடும் நேரம். குறைக்காதே.'

ஆனி மாதம் பிரணவ் போன் செய்தான். பைபாஸ் சந்தைக்கு லாரி குறைந்திருந்தது. விலையைக் கண்ணிமைப்பில் சொல்லிவிடுகிறது, ஆனால் ஏமாந்த மாதிரியே இருக்கிறது என்று விவசாயிகள் சொல்கிறார்களாம். "எங்க வாய்க்குக் கிளம்பத் தெரியல மேடம். நீங்க கோயம்புத்தூர் வந்து கத்துக்குடுங்க. உங்களுக்குத் தனி கேபின். மூணு ஜன்னல்."

அன்னக்கொடி நாலு நாள் யோசித்தாள். புதுத் துபாஷி மக்கர் செய்வதில்லை. வெங்காய அறையில் அவளுக்கு வேலை பாதியாகிவிட்டது. தன் கையாலேயே தன்னைத் தேவையில்லாதவளாக்கிக்கொண்டோமோ என்ற நினைப்பு வந்துவந்து போனது. ஐந்தாம் நாள் சங்கத்து மாடிக்குப் போனாள். வாசலில் இரண்டு ஜோடிச் செருப்புதான் கிடந்தது. தன்னுடையதை அவற்றின் பக்கத்தில் விட்டுவிட்டு உள்ளே போய் விஷயத்தைச் சொன்னாள்.

அண்ணாச்சி முழுசாகக் கேட்டார். நடுவில் போன் வந்தது என்று வராந்தாவுக்குப் போய்ப் பேசிவிட்டு, சுருட்டிய செய்தித்தாளோடு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"மூணு ஜன்னலா?"

"மூணு."

"நல்ல இடம். போயிட்டு வாம்மா."

அவ்வளவுதான். இருபது, முப்பது, நாற்பது ஒன்றும் இல்லை. அவளுக்குக் கண் கரித்தது. வெங்காயத்தின்மேல் பழிபோட இங்கே வழியில்லை.

"அப்ப நான் கிளம்பறேன் அண்ணாச்சி."

வாசலுக்கு வந்தாள். இந்தத்தரம் தேடுகிற எண்ணமே இல்லை. காலை நுழைத்துக்கொண்டு படியிறங்கிவிட வேண்டும். ஆனால் செருப்பைக் காணவில்லை. இரண்டு ஜோடிதான் கிடந்தது, இரண்டும் அவளுடையது இல்லை. கதவுக்குப் பின்னால் பார்த்தாள். படிக்கட்டில் பார்த்தாள். நிஜமாகவே குனிந்து, நிஜமாகவே தேடினாள். எட்டு விநாடி போயிற்று. பதினொன்றும் போயிற்று. இருபதாவது விநாடி வாக்கில் உள்ளிருந்து குரல் வந்தது.

"அன்னக்கொடி."

"என்ன அண்ணாச்சி?"

"ஜன்னல் கெழக்குப் பக்கமா வெக்கறதா, மேக்குப் பக்கமா? கொத்தனார் கேக்கறான்."

அவள் நிலைப்படியில் சாய்ந்துகொண்டாள். "ரெண்டு பக்கமும்."

"ஒண்ணு."

"ரெண்டு. இல்லேன்னா செருப்பு இல்லாமயே போயிடுவேன்."

"சரி, ரெண்டு. ஒண்ணு சின்னது. உள்ள வா."

உள்ளே வந்தாள். அண்ணாச்சி சுருட்டியிருந்த செய்தித்தாளை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்து, காலால் அவள் பக்கம் தள்ளினார். தாள் விரிந்தது. பித்தளைக் கொக்கி மின்னியது.

"எட்டு விநாடில முடிவெடுக்கிற வயசு எனக்குத் தாண்டிடுச்சும்மா," என்றார் அண்ணாச்சி. "அதான் நேரத்தக் கொஞ்சம் கூடுதலா எடுத்து வெச்சுக்கிட்டேன்."